அறுபதைத் தாண்டாத முள்

மோட்டார் சைக்கிள் என்ன வேகத்தில் ஓடும் என்பதை, அதை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவைத்துக்கொண்டே சொல்கிற தொழில் ஒன்றை எழுபதுகளில் நான் செங்கல்பட்டில் செய்துவந்தேன்.

தொழில் என்று நான்தான் சொல்லிக்கொண்டேன். சம்பளம் கொடுத்த வேலை வேறு. ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருந்த ஐஸ் ஃபேக்டரியில் இரவு ஷிப்டு. கம்ப்ரசரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ராத்திரி பத்துக்கு உள்ளே போனால் காலை ஆறுக்கு வெளியே வருவேன். இரவு வேலை பார்க்கிற அன்பர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. ஊர் பல் தேய்க்கிற நேரத்தில் நமக்குப் பொழுது முடிந்திருக்கும். உடம்பு படுக்கக் கேட்கும். மண்டைக்குள் மட்டும் என்னவோ சுற்றிக்கொண்டே இருக்கும். வீட்டுக்குப் போனால் ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், அவ்வளவுதான். அதனால் நேராக வீட்டுக்குப் போகமாட்டேன். ஃபேக்டரி வாசலை ஒட்டித் தகரக் கொட்டகையில் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருந்த பாஷா பாயிடம் போய் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வேன். அந்த ஸ்டூல்தான் என் ஆபீஸ்.

சாக்பீஸ் கோடு

எட்டாவதோடு படிப்பு நின்றவன் நான். எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தது கம்ப்ரசர். மோட்டாரில் சின்னக் கப்பி, கம்ப்ரசரில் பெரிய கப்பி, நடுவில் பெல்ட். கரண்டு போய் மெஷின் நின்றிருந்த ஒரு நாள், இரண்டு கப்பியிலும் சாக்பீஸால் கோடு போட்டு, பெல்ட்டைக் கையால் இழுத்து எண்ணிப் பார்த்தேன். சின்னது நாலு சுற்று சுற்றினால் பெரியது ஒரு சுற்று. இதைக் கண்டுபிடித்ததும் யாரிடமாவது ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் போலிருந்தது. ஆறு மணி வரைக்கும் ஆள் கிடைக்கவில்லை.

பாயிடம் சொன்னேன். மோட்டார் சைக்கிளும் இதே சங்கதிதான் பாய் என்றேன். எஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று, நடுவில் இருக்கிற பல்சக்கரங்கள் அதை எத்தனைக்கு ஒன்றாகக் குறைக்கின்றன, பின்சக்கரம் ஒரு சுற்றுக்கு எவ்வளவு தரையைத் தாண்டுகிறது. இந்த மூன்றும் தெரிந்தால் வேகம் தெரிந்துவிடும், ரோட்டில் இறங்கவே வேண்டாம் என்று சொல்லி, சிகரெட் அட்டையின் பின்பக்கம் எழுதியும் காட்டினேன். பாய் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "வேகம் தெரிஞ்சிக்க ஜனங்க வண்டிய ஓட்டுவாங்க. உக்காந்த எடத்துலயே போய்ச் சேர்ற ஆளு நீ ஒருத்தன்தான் நைனா."

நூற்றெட்டு

அச்சரப்பாக்கத்திலிருந்து ஒரு பையன் வந்தான். இரண்டு சைலன்சர் வைத்த டூ-ஸ்ட்ரோக் வண்டி. அந்த நாளில் எங்கள் பக்கம் பாதிப் பேர் ஓட்டிக்கொண்டிருந்த அதே வண்டி. பெண் பார்க்கப் போன வீட்டில் பேச்சுவாக்கில், "நம்ம வண்டி நூத்தியிருபது போகும்" என்று விட்டிருக்கிறான். பெண்ணின் அப்பா ரிட்டயர் ஆன ரயில் டிரைவர். வேகம் என்று வந்துவிட்டால் சும்மா விடுகிற ஜாதியில்லை. "எந்தக் கணக்குல சொல்றீங்க மாப்பிள்ளை?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்.

டயரில் கோடு போட்டு உருட்டினேன். ஒரு சுற்றுக்கு ஒரு மீட்டர் தொண்ணூறு சென்டிமீட்டர். டாப் கியரில் எஞ்சின் ஐந்து சுற்று சுற்றினால் பின்சக்கரம் ஒரு சுற்று. இந்தக் கணக்கில் நூற்றிருபது போக எஞ்சின் நிமிஷத்துக்கு ஐயாயிரத்து இருநூற்றுக்கு மேல் சுற்ற வேண்டும். வண்டியோடு வந்த புத்தகமோ நாலாயிரத்து எழுநூற்றைம்பதோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறது. அதற்கு நூற்றெட்டுதான் வருகிறது, அதுவும் எதிர்காற்று இல்லாவிட்டால். "சார், ஒரு பத்து சேர்த்துப் போடுங்க சார், கல்யாண விஷயம்" என்று பையன் கெஞ்சினான். பல்சக்கரம் சொல்லாததைச் சேர்த்துப் போட என்னால் முடியாது என்று நூற்றெட்டையே சீட்டில் எழுதிக் கொடுத்தேன். அவன் போன போக்கைப் பார்த்து எனக்கு இரண்டு நாள் மனசு சரியில்லை. நம் கணக்கால் ஒரு கல்யாணம் நின்றுவிட்டதே என்று கம்ப்ரசரிடம் புலம்பிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து நின்றான். "மாமா சீட்டைப் பாத்தாரு சார். 'நூத்தியெட்டா? சாமி நம்பராச்சே, பொய்யா இருக்காது'ன்னு தேதி குறிச்சுட்டாரு!"

நீண்டுபோன ரோடு

காசியின் கதைக்கு வருகிறேன். மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கடலோரக் குப்பத்துக்காரன். காலையில் கட்டுமரங்கள் கரைக்கு வந்ததும், குப்பத்து மீனையெல்லாம் பெட்டியில் அடுக்கி, வண்டியின் பின்னால் கட்டி, திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு ஸ்டேஷனுக்கு ஓட்டிவருவான். ஏழு பத்துக்கு மெட்ராஸ் பாசஞ்சர். பார்சல் ஜன்னல் ஏழுக்கு மூடிவிடும். மீன் அதில் ஏறிவிட்டால் காசி எங்கள் வாசலுக்கு வந்து, திரும்பிப் போகிற பெட்டியில் ஐஸ் கட்டி ஏற்றிக்கொண்டு போவான்.

அன்றைக்கு மீனோடேயே வந்தான். ரயில் ஊதிக்கொண்டு போகிற சத்தம் அவன் முதுகுக்குப் பின்னால் கேட்டது. பதினைந்து நாளில் இது இரண்டாவது தடவையாம்; மற்ற நாளெல்லாம் கட்டுமரம் சீக்கிரம் கரைக்கு வந்ததால் தப்பித்திருக்கிறான். இன்னொரு தடவை தவறினால் மெட்ராஸ் வியாபாரி கோவளத்துக்காரர்களிடம் சரக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். அப்படி நடந்தால் குப்பத்தில் பத்துக் கட்டுமரத்துக்கு மீனை விற்க ஆள் இல்லை. "கரையில ஆறு இருபத்தஞ்சுக்குக் கெளம்பனேன் அண்ணாத்த. கல்லு கணக்குல முப்பது கிலோமீட்டரு. முள்ளு அறுபதுலயே நிக்கிது, திருக்கழுக்குன்றத்துக்குள்ள மட்டும் கொஞ்சம் கொறைப்பேன். ஏழுக்கு முன்னாடி வரணுமா இல்லியா? ஏழு நாலு ஆவுது!" ஸ்டேஷன் கடிகாரம் தப்பா, அவன் கடிகாரம் தப்பா என்று மூன்று கடிகாரத்தை ஒத்துப் பார்த்திருக்கிறான். எல்லாம் சரி.

கோபத்தில் அன்றைக்குத்தான் முதல்முறையாக மீட்டரில் ஓடுகிற கிலோமீட்டரையும் பார்த்திருக்கிறான். கரையிலிருந்து ஸ்டேஷனுக்கு முப்பத்தாறு. கல் சொல்வது முப்பது. பார்சல் கிளார்க்கிடமே சண்டைக்குப் போய், ரோடு நீண்டுவிட்டது என்று சொல்லிவிட்டு வந்திருந்தான். எங்களிடமும் அதையே சொன்னான். "பழைய மைல் கல்லப் புடுங்கிட்டு கிலோமீட்டர் கல்லு நட்டானுங்க பாரு, அப்பதான் அண்ணாத்த எங்க ரோட்டுல ஆறு கிலோமீட்டர கொறைச்சி எழுதிட்டானுங்க!"

ஐந்தும் ஆறும்

மீனுக்கு ஐஸ் போட்டு மூடிய பிறகு, பதினைந்து நாளுக்கு முன்னால் வண்டியில் என்ன மாற்றினாய் என்று கேட்டேன். ஒன்றும் மாற்றவில்லை என்றான். பாய் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். பின்சக்கரத்துப் பல்சக்கரம் சோற்றுத் தட்டு அளவுக்கு இருந்தது. "ஓ, இதுவா" என்றான் காசி. முன்பெல்லாம் குப்பத்துப் பெண்கள் மீன்பெட்டியைத் தலையில் வைத்து, மணலில் நடந்து, தார் ரோட்டுக்குக் கொண்டுவந்து கொடுப்பார்களாம். அவன் பெண்சாதி தனத்துக்குக் கழுத்துவலி வந்து திரும்பிப் பார்க்கவே முடியாமல் போய்விட்டது. அதனால் வண்டியையே கரைவரைக்கும் கொண்டுபோக ஆசைப்பட்டு, ஒரு பட்டறையில் பெரிய பல்சக்கரமாகப் பார்த்து மாட்டிக்கொண்டிருக்கிறான். "இப்ப மணல்ல எருமை மாரி இழுக்குது அண்ணாத்த!"

எண்ணினேன். ஐம்பத்து நாலு பல். வண்டியோடு வந்தது நாற்பத்தைந்து. அதாவது பின்சக்கரம் ஒரு சுற்று சுற்ற முன்பு எஞ்சின் ஐந்து சுற்றினால் போதும்; இப்போது ஆறு சுற்ற வேண்டும். இந்த வண்டியில் மீட்டர் கேபிள் கியர் பாக்ஸிலிருந்து கிளம்புகிறது. பின்சக்கரத்தில் யார் என்ன மாட்டினார்கள் என்று அதற்குத் தெரியாது. ஆறு சுற்றுக்கு உண்டான தூரத்தை எழுதிக்கொள்ளும். வண்டி ஐந்துக்கு உண்டான தூரம்தான் போயிருக்கும். முப்பது கிலோமீட்டர் முப்பத்தாறாக ஆனது இப்படித்தான். முள் அறுபது காட்டும்போது வண்டி ஐம்பதில் போகிறது.

ராத்திரி முழுக்க விழித்த கண்ணோடு ஒரு விடை இவ்வளவு சுத்தமாக வந்து விழுவதைப் பார்ப்பது எவ்வளவு சுகம் என்பது, அன்பர்களே, உங்களுக்குத் தெரியும். "ரொம்ப சுலபம் காசி. நாளைக்கு முள்ளை எழுபத்திரண்டில் வை. நிஜமான அறுபது அதுதான். ஏழுக்கு முன்னாலே ஸ்டேஷன்" என்றேன். அவன் முகம் மலரவில்லை. தனத்தின் தம்பி முருகேசன் போன வருஷம் உப்பளத்து வளைவில் வேகமாகப் போய் விழுந்து, கால் இன்னும் தாங்கித் தாங்கித்தான் நடக்கிறான். அன்றைக்கே தனம் காசியைத் திருக்கழுக்குன்றத்து மலைமேலே இழுத்துப் போய், கற்பூரம் அணைத்துச் சத்தியம் வாங்கியிருக்கிறாள்: முள் அறுபதைத் தாண்டக் கூடாது. "தாண்டிச்சின்னா சாமி அப்புறந்தான் கேக்கும். தனம் மொதல்ல கேக்கும் அண்ணாத்த."

மணல்

பாய் ஒரு யோசனை சொன்னார். "கேபிளக் கழட்டிடு. முள்ளு பூஜ்யத்துலயே நிக்கும், சத்தியமும் நிக்கும்." காசி அவரை முறைத்தான். சந்தைக்குப் போகும்போது தனம் பின்னால் உட்கார்ந்து அவன் தோளுக்கு மேலே முள்ளையேதான் பார்த்துக்கொண்டு வருவாளாம். கடல் பக்கம்கூடப் பார்க்கமாட்டாளாம்.

அப்படியானால் பழைய சக்கரத்தையே மாட்டிப் பார்ப்போம் என்று நாற்பத்தைந்தை மாட்டி அனுப்பினோம். மறுநாள் ஏழுக்கு முன்னாலேயே வந்துவிட்டான். ரயிலில் மீன் ஏறியது. பாய் அவன் முதுகில் தட்டினார். காசி மட்டும் ஸ்டூலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டான். கரையில் வண்டி மணலில் பாதிச் சக்கரம் வரை இறங்கி நின்றுவிட்டதாம். தனமும் இன்னும் நாலு பெண்களும் பெட்டிகளைத் தலையில் தூக்கிக்கொண்டு ரோடு வரைக்கும் ஓடியிருக்கிறார்கள். பெட்டியை இறக்கிவிட்டு அவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றதை இவன் வண்டிக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே கிளம்பியிருக்கிறான். "ரயிலு கிடைச்சிச்சி அண்ணாத்த. எனக்கு வேணாம். பெரிய சக்கரத்தையே மாட்டு."

ஒரு பாகம், நாலு விரல்

அடுத்த நாள் கடல் கொந்தளிப்பு. கட்டுமரம் எதுவும் இறங்கவில்லை. ரயில் தவறுகிற பயம் ஒரு நாளைக்குத் தள்ளிப்போனது. ஷிப்டு முடிந்ததும் பாய் தன் வண்டியில் என்னைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு குப்பத்துக்குக் கிளம்பினார். அவருடையதும் அதே வண்டி, பழைய நாற்பத்தைந்து பல்லோடு. தனத்திடம் கணக்கை நானே சொல்லிவிடுவது என்று ஏற்பாடு. வழியெல்லாம் வாய்க்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

தனம் வலையை உதறிக்கொண்டிருந்தாள். கழுத்தைத் திருப்பாமல் உடம்போடு திரும்பி என்னைப் பார்த்தாள். "இன்னா ஐஸ்காரரே, சத்தியத்துல ஓட்டை போட வந்துகிறியா?" ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோயிற்று. நேரே வேலையில் இறங்கினேன். டயரில் ஓரிடத்தில் சுண்ணாம்பு தடவி, ஈரமணலில் வண்டியை உருட்டினேன். சுண்ணாம்பு பதிந்த இரண்டு இடத்துக்கும் நடுவில் எவ்வளவு என்று அளக்க வேண்டும். காசி கையை விரித்துக்கொண்டு வந்தான். "நீ அளக்காத, நீ இழுத்து அளப்ப" என்று அவனைத் தள்ளிவிட்டு, பாகத்துக்கு, அதாவது விரித்த இரண்டு கை நீளத்துக்கு, ஒரு முடிச்சுப் போட்ட வலைக்கயிற்றைக் கொண்டுவந்து அவளே வைத்துப் பார்த்தாள். ஒரு பாகம், அதற்கு மேல் நாலு விரல். பாய் வண்டிக்கும் அதேதான். பிறகு இரண்டு வண்டியிலும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் ஒரு விளக்குமாற்றுக் குச்சியை நிறுத்தி, டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தை ஒரு சுற்று மெதுவாகச் சுற்றச் சொன்னேன். பிஸ்டன் ஏறும்போதெல்லாம் குச்சி எழுந்து உட்கார்ந்தது. தனம் விரல் விட்டு எண்ணினாள். பாய் வண்டியில் ஐந்து. காசி வண்டியில் ஆறு. "எஞ்சின் ஆறு தடவை குதிச்சாலும் வண்டி போறது அதே ஒரு பாகம் நாலு விரல்தாம்மா" என்றேன். அவள் குச்சியைப் பிடுங்கித் தூர எறிந்தாள். "குச்சி ஆடறதப் பாத்து சாமி சத்தியத்த மாத்தச் சொல்றியா?"

சரி, ரோட்டிலேயே பார்த்துவிடுவோம் என்றார் பாய். காசி பின்னால் தனம். பாய் பின்னால் நான். உப்பளத்து ஓரமாக இரண்டு வண்டியும் தோளோடு தோள் சேர்த்து ஓடின. "அறுபது!" என்று அவள் இந்தப் பக்கம் கத்தினாள். "அம்பது!" என்று நான் பாயின் முள்ளைப் பார்த்துக் கத்தினேன். நம்பாமல் எட்டிப் பார்த்தாள். அவள் எட்டிப் பார்த்ததில் காசி வண்டி ஆடியது. "நாப்பத்தெட்டு!" என்றாள். "நாப்பது!" என்றேன். உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டு, எங்களை ஏதோ ஏலம் போடுகிறவர்கள் என்று பார்த்தார்கள். வண்டி நின்றதும் தனம் இறங்கினாள். அவள் வாயில் இனி என்ன வரும் என்பதில்தான் பத்துக் கட்டுமரம் இருந்தது. கடைசியில் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னாள்: "சாமிகிட்ட அறுபதுன்னு சொல்லிகீறேன். மலையேறிப் போயி எழுபத்திரண்டுன்னு சொல்லணும். கணக்குப் போட்டவரும் வரணும். சாமி எதுனா கேட்டா நான் இன்னா சொல்றது?"

திருத்தம்

ஐந்நூற்றுச் சொச்சம் படி. ராத்திரி முழுக்க நின்ற கால் அது. பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். கழுகு பார்க்க ஏறிக்கொண்டிருந்த கூட்டம் என்னைச் சுற்றிக்கொண்டு போனது. பாய் அடிவாரத்தில் வண்டிகளோடு நின்றுகொண்டார். தனம் எனக்கு முன்னால் கழுத்தை நேராக வைத்துக்கொண்டு, தலையில் இன்னும் பெட்டி இருக்கிற மாதிரி, நிற்காமல் ஏறிக்கொண்டிருந்தாள். நான் எழுந்து நின்று திரும்பிப் பார்த்தேன். கீழே ஏரிகள், பச்சை, கிழக்கே ஒரு கோடாகக் கடல். பதினெட்டு வருஷமாக இந்தப் பக்கத்தில் இருக்கிறேன், நல்ல வெளிச்சத்தில் இதையெல்லாம் பார்த்ததே இல்லை. கம்ப்ரசர் அறையில் ஜன்னல் கிடையாது. என்னையும் ஒருத்தி கட்டாயப்படுத்தி எங்கேயோ கூட்டிக்கொண்டு போகிறாள் என்று நினைத்ததும் மிச்சப் படி பெரிதாகத் தெரியவில்லை.

சந்நிதியில் குருக்கள் என்ன வேண்டுதல் என்று கேட்டார். "வேண்டுதல் இல்ல சாமி, திருத்தம்" என்றாள் தனம். என்னை முன்னால் தள்ளினாள். அத்தனை பேருக்கு நடுவில், கையைக் கூப்பிக்கொண்டு, நாற்பத்தைந்து பல்லையும் ஐம்பத்து நாலு பல்லையும் நான் சொன்னேன். குச்சி ஐந்து தரம் எழுந்ததையும் ஆறு தரம் எழுந்ததையும் சொன்னேன். முள் எழுபத்திரண்டு காட்டினாலும் காசி சொன்ன அறுபதில்தான் வண்டி போகும், வாக்கு மீறவில்லை என்று முடித்தேன். காசி மறுபடியும் கற்பூரத்தைத் தொட்டு அணைத்தான். குருக்கள் விபூதித் தட்டோடு என் பக்கம் சாய்ந்து, யாருக்கும் கேட்காமல் சொன்னார்: "ஸ்வாமிக்குப் புரிஞ்சிருக்கும். நேக்குத்தான் புரியல, அந்த அஞ்சு, ஆறை இன்னொரு தரம் சொல்லுங்கோ."

பார்சல் ஜன்னல்

கடல் அடங்கியது. மறுநாள் காலை ஆறுக்கு வெளியே வந்தவன் ஸ்டூலில் உட்காரவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு திருக்கழுக்குன்றம் ரோட்டில் ஊருக்கு வெளியே போய் ஒரு புளியமரத்தடியில் நின்றேன். கணக்கு தப்பாகாது என்று தெரியும். இருந்தாலும் கணக்கில் எழுதாதவை எத்தனையோ உண்டு: பஞ்சர், ரோட்டைக் கடக்கிற மாடு, கரைக்கு லேட்டாக வருகிற கட்டுமரம். என் வயதில் இந்தப் பட்டியலை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, தானாக ஓடும். ஆறு ஐம்பது ஆயிற்று. பிறகு சத்தம் கேட்டது. அந்த எஞ்சின் நிமிஷத்துக்கு மூவாயிரத்து நூற்றைம்பது சுற்று சுற்றினால் எப்படி இருக்குமோ அப்படியே, ஏறாமல் இறங்காமல், ஒரே சுருதியில். காசி என்னைப் பார்க்கவில்லை. முள்ளைத்தான் பார்த்துக்கொண்டு போனான். மீட்டர் கண்ணாடியில் எழுபத்திரண்டுக்கு நேராக தனம் குங்குமத்தால் கோடு இழுத்திருந்ததைப் பிற்பாடு பார்த்தேன்.

நான் சைக்கிளை மிதித்து வந்து சேர்வதற்குள் பாசஞ்சர் போய்விட்டது. பட்டறையில் காசி என் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். கைகள் இன்னும் ஹாண்டில்பாரைப் பிடித்த மாதிரியே இருந்தன. "கிளார்க்கு ஜன்னல மூட கைய வெச்சாரு அண்ணாத்த, நான் போய் நின்னேன். என்னப் பாத்தாரு, கடியாரத்தப் பாத்தாரு. 'இன்னாடா காசி, நீண்டுபோன ரோட்ட மறுபடியும் வெட்டிட்டானுங்களா?'ன்னாரு!"

நாற்பது

அதற்குப் பிறகு காசி ரயிலைத் தவறவிட்டதாக எனக்கு நினைவில்லை. தனம் மணலில் பெட்டி தூக்குவதை விட்டாள். இரண்டு மாதம் கழித்து ஒரு நாள், பெட்ரோல் கணக்குக் கேட்டு என்னிடம் வந்தவர்கள், மைலா கிலோமீட்டரா என்று பாயோடு சண்டை போட்டவர்கள் எல்லோரும் போன பிறகு, பட்டறை வாசலில் ஒருவன் ஒரு பழைய வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினான். ஒரு காலைத் தாங்கித் தாங்கி நடந்தான். நான் கேட்பதற்கு முன்னாலேயே முருகேசன் என்று தெரிந்துவிட்டது, தனத்தின் மூக்கு. விழுந்ததிலிருந்து வண்டியைத் தொடாதவன் என்று காசி சொல்லியிருந்தான். இப்போது மாமனுக்குத் துணையாக இன்னொரு நடை மீன் கொண்டுவரப் போகிறானாம். செங்கல்பட்டு வரைக்கும் தள்ளிக்கொண்டா வந்தாய் என்று பாய் கேட்டார். ஊர் எல்லை வரைக்கும் ஓட்டித்தான் வந்தேன், அங்கிருந்துதான் தள்ளினேன், டவுனுக்குள்ளே கொஞ்சம் பயம் என்றான்.

அவன் வண்டியின் பல்லை எண்ணக் குனிந்தேன். யாரோ ஏற்கெனவே பின்சக்கரத்தில் சுண்ணாம்பு தடவி வைத்திருந்தார்கள். ஹாண்டில்பாரில் முடிச்சுப் போட்ட வலைக்கயிறு ஒரு துண்டு தொங்கியது. "மலைக்குப் போவசொல்ல அக்கா நாப்பதுன்னு சத்தியம் வாங்கப் போவுதாம். முள்ளு நாப்பதா, நெஜ நாப்பதான்னு மொதல்ல ஐஸ்காரரக் கேட்டுகினு வான்னு அனுப்பிச்சிது."

இத்தனை பேருக்கு வேகம் சொன்ன என்னிடம் கடைசிவரைக்கும் இருந்தது ஒரு சைக்கிள்தான் என்பதும், அதில் நான் எவ்வளவு வேகத்தில் எங்கே போய்க்கொண்டிருக்கிறேன் என்று கணக்குப் போட்டுப் பார்க்க ஒரு நாளும் தோன்றவில்லை என்பதும்தான் இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த நிம்மதி.